பெயர் குறிக்காத சட்டம்

தெமட்டகொடையிலிருந்து பேஸ்லைன் வீதியால் பொரளைப் பக்கம் போனால் வெலிக்கடைச் சிறைச்சாலை. மருதானையைத் தாண்டி மேற்கே போனால் புதுக்கடை நீதிமன்றத் தொகுதி. கொழும்பு 9இல் வாழ்பவர்களுக்கு இரண்டும் அன்றாடம் கடந்துபோகும் இடங்கள்தான். சட்டம் என்றால் என்ன, ஒரு கட்டளை எப்போது சட்டமாகிறது, அநீதியான சட்டமும் சட்டம்தானா என்ற கேள்விகளைப் பாடப்புத்தகங்கள் கேட்கும்போது உதாரணத்துக்கு ஹிட்லரின் ஜெர்மனிக்குப் போகின்றன. அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. இந்தக் கேள்விகள் எல்லாவற்றையும் புதுக்கடையில் வாதாடியிருக்கிறார்கள். அவற்றுக்குக் கிடைத்த விடைகளின் பாரத்தை வெலிக்கடையில் சுமந்திருக்கிறார்கள்.

முதலில் கோட்பாடுகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஜோன் ஒஸ்டின் 1832இல் சொன்ன விடை எளிமையானது. இறைமையுள்ளவர் கட்டளை இடுகிறார், மீறினால் தண்டனை, அதுவே சட்டம். அது நல்லதா கெட்டதா என்பது வேறு கேள்வி. எச்.எல்.ஏ. ஹார்ட் 1961இல் இந்த விடையைத் திருத்தினார். துப்பாக்கியை நீட்டிப் பணம் கேட்பவனும் கட்டளைதான் இடுகிறான், அது சட்டமாகிவிடாது. எது சட்டம் என்று அடையாளம் காண ஒரு பொது விதி வேண்டும்; அந்த விதியை நீதிபதிகளும் அதிகாரிகளும் தமக்குரிய கடப்பாடாக ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும் என்றார். ஆனால் சட்டத்தையும் அறத்தையும் வேறுவேறாகவே வைத்திருக்க வேண்டும் என்பதில் அவர் ஒஸ்டினின் பக்கம் நின்றார். அதற்கு அவர் சொன்ன காரணம் மதிக்கத்தக்கது. 'இது சட்டம்தான், ஆனால் கீழ்ப்படிய முடியாத அளவுக்குக் கொடியது' என்று குடிமகன் தெளிவாகச் சொல்ல இடமிருக்க வேண்டும். கெட்ட சட்டத்தைச் சட்டமே அல்ல என்று சொல்லிவிட்டால் அந்தத் தெளிவு போய்விடும்.

மறுபக்கத்தில் இருவர். ஜெர்மனியின் முன்னாள் நீதி அமைச்சர் குஸ்டாவ் ராட்புருக், நாஜி ஆட்சி முடிந்த மறுவருடம், 1946இல், பொறுக்க முடியாத அளவுக்கு அநீதியான சட்டம் சட்டம் என்ற தகுதியையே இழக்கிறது என்று எழுதினார். அமெரிக்கரான லொன் ஃபுல்லர் 1964இல் வெளியிட்ட நூலில் சட்டத்துக்கு உள்ளேயே ஓர் ஒழுக்கம் இருக்கிறது என்று வாதிட்டார். சட்டம் பொதுவானதாக இருக்க வேண்டும், வெளிப்படையாக அறிவிக்கப்பட வேண்டும், நடந்து முடிந்த செயலைத் தேடிப் பின்னோக்கிப் போகக் கூடாது, எழுதியதும் நடப்பதும் ஒத்துப்போக வேண்டும் என்று அவர் எண்ணிய நிபந்தனைகள் எட்டு. அவற்றில் முதலாவது பொதுமை. அந்தப் பொதுமையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. தனி ஆளைக் குறிவைத்து எழுதிய சட்டத்தை இலங்கையின் நீதிமுறை ஒருமுறை கையும் களவுமாகப் பிடித்தது. பொதுச் சொற்களால் ஒரு சமூகத்தையே குறிவைத்த சட்டங்களை அது பிடிக்கவில்லை. பிடிப்பதற்கான கருவி கையில் இருந்தும் பிடிக்கவில்லை என்பது என் வாதம்.

1962 ஜனவரி 27ஆம் திகதி இரவு ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கத்தைக் கவிழ்க்கப் பொலிஸ், இராணுவ, கடற்படை உயரதிகாரிகள் சிலர் வகுத்த சதி, அரங்கேறும் முன்பே வெளியாகிவிட்டது. கைதுகள் நடந்தன. பெப்ரவரியில் அரசாங்கம் ஒரு வெள்ளையறிக்கையை வெளியிட்டுச் சதிகாரர்கள் இன்னார் என்று பெயரும் சொல்லிவிட்டது. அப்போதிருந்த சட்டப்படி வழக்குத் தொடுத்தால் யூரிகள் முன்னால் விளங்கவேண்டும். தடுப்புக் காவலில் பெற்ற வாக்குமூலங்கள் சான்றாக ஏறாது. தண்டனையின் அளவு நீதிபதியின் கையில் இருக்கும். ஆகவே புதுச் சட்டம் ஒன்று வந்தது: 1962ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் குற்றவியற் சட்ட விசேட ஏற்பாடுகள் சட்டம். மார்ச் மாதம் நிறைவேறிய அந்தச் சட்டம் ஜனவரி 1ஆம் திகதியிலிருந்தே நடைமுறையில் இருந்ததாகக் கொள்ளப்பட்டது. பிடியாணை இல்லாமல் பிடித்து வைத்திருந்ததை அது பின்னோக்கிச் செல்லுபடியாக்கியது. அரசுக்கு எதிரான குற்றத்தின் வரைவிலக்கணத்தை விரித்தது. காவலில் கொடுத்த வாக்குமூலங்களை உள்ளே விட்டது. ஆகக் குறைந்த தண்டனை 10 வருடச் சிறையும் சொத்துப் பறிமுதலும் என்று நீதிபதியின் கையைக் கட்டியது. யூரிகள் இல்லை, விசாரிக்கும் மூன்று நீதியரசர்களை நீதி அமைச்சரே நியமிக்கலாம்.

இவற்றையெல்லாம்விட என் கண்ணில் தங்கியது அந்தச் சட்டத்தின் ஆயுளைப் பற்றிய பிரிவு. ஜனவரி 27ஆம் திகதியை ஒட்டி நடந்த குற்றங்கள் தொடர்பான வழக்குகள் முடிந்ததும் சட்டமும் முடிந்துபோகும். ஆகக் குறைந்தது ஒரு வருடமாவது இருக்கும், அவ்வளவே. யாருடைய பெயரும் சட்டத்தில் இல்லை. பெயர் எழுதத் தேவையும் இல்லை. யாருக்காகப் பிறந்ததோ அவர்களோடு அது இறந்துவிடும் என்று அந்தப் பிரிவே ஒப்புக்கொள்கிறது.

அமைச்சர் நியமித்த முதல் நீதியரசர் குழு, அமைச்சருக்கு அந்த அதிகாரம் இருக்க முடியாது என்று தீர்ப்பளித்துத் தன்னையே கலைத்துக்கொண்டது. நம் நீதித்துறை வரலாற்றில் இதற்கு இணையான துணிவு குறைவு. பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. பிரதம நீதியரசர் நியமிப்பார் என்றாயிற்று. இரண்டாவது குழுவில் ஒருவர் முன்பு சட்ட அதிகாரியாக இதே புலன்விசாரணையில் சம்பந்தப்பட்டிருந்ததால் அதுவும் கலைந்தது. மூன்றாவது குழு 1963 ஜூன் மாதம் தொடங்கி 324 நாட்கள் அமர்ந்து, 24 பேரில் 11 பேரைக் குற்றவாளிகளாகக் கண்டு, 1965 ஏப்ரலில் 10 வருடம் விதித்தது. விதிக்கும்போதே, தண்டனையைத் தெரிவுசெய்ய இந்தச் சட்டம் தமக்கு இடம் வைக்கவில்லை என்பதையும் நீதியரசர்கள் குறித்துவைத்தார்கள்.

மேன்முறையீடு லண்டனில் இருந்த கோமறைக் கழகத்துக்குப் போனது. 1965 டிசம்பரில் லியனகே எதிர் அரசி என்ற தீர்ப்பு வந்தது; எழுதியவர் பியர்ஸ் பிரபு. பதினொரு பேரும் விடுதலை. அந்தத் தீர்ப்பு எதை ஏற்கவில்லை என்பதை முதலில் பார்க்க வேண்டும். அடிப்படை நீதிக்கு முரணான சட்டம் சட்டமே அல்ல என்ற வாதத்தை எதிரிகளின் சட்டத்தரணிகள் முன்வைத்தார்கள். கழகம் அதை ஏற்கவில்லை. இலங்கைப் பாராளுமன்றம் இறைமையுள்ளது. அது இயற்றும் சட்டம் இயற்கை நீதிக்கு ஒத்ததா என்று அளந்துபார்க்கும் வேலை தமக்கில்லை என்றது. ராட்புருக்குக்கு அங்கே இடமில்லை. ஒஸ்டின் வென்றதுபோலத் தோன்றும்.

ஆனால் அடுத்த அடியிலேயே கழகம் வேறொரு கதவைத் திறந்தது. அப்போது நடைமுறையில் இருந்த சோல்பரி யாப்பில் அதிகாரப் பிரிவினை என்று ஒரு வரியும் இல்லை. உரிமைப் பட்டயமும் இல்லை. ஆனாலும் 1833ஆம் ஆண்டின் நீதிச் சாசனத்திலிருந்து தொடர்ந்து வரும் நீதித்துறையையும், நீதிபதிகளைப் பாதுகாக்கும் யாப்பு ஏற்பாடுகளையும், நீதிச்சேவை ஆணைக்குழுவையும் சேர்த்துப் பார்த்தால், நீதி வழங்கும் அதிகாரம் நீதிபதிகளுக்கே உரியது என்பது அந்த யாப்பின் கட்டமைப்பிலேயே உறைந்திருக்கிறது என்றது. அந்தக் கட்டமைப்பை அளவுகோலாகக் கொண்டு 1962ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒவ்வொரு பிரிவாக அல்லாமல் மொத்தமாகப் பார்த்தது. பார்த்தபோது தெரிந்தது, குறிப்பிட்ட சிலரைக் குற்றவாளிகளாக்கவும் அவர்களுடைய தண்டனையைக் கூட்டவும் பாராளுமன்றம் வகுத்த ஒரு திட்டம். அது நீதிபதியின் வேலையைப் பாராளுமன்றம் கையில் எடுத்துக்கொண்ட செயல். செல்லாது.

இந்தத் தீர்ப்பை நான் கொண்டாடவே விரும்புகிறேன். எழுத்தில் இல்லாத ஒன்றை யாப்பின் உடம்பிலிருந்து படித்தெடுக்க முடியும் என்று அது காட்டியது. சட்டத்தின் முகத்தை மட்டும் பார்க்காமல் அது எதற்காக எழுதப்பட்டது, யார் மேல் விழுகிறது என்று பார்க்கலாம் என்று காட்டியது. சதி செய்தவர்கள் நல்லவர்களா என்ற கேள்விக்கே போகாமல் இதைச் செய்தது.

ஆனால் அதே கோமறைக் கழகத்தில், அதே யாப்பின் கீழ், 12 வருடங்களுக்கு முன்னால் வேறொரு வழக்கு தீர்ந்திருந்தது. அங்கே எதிரிகள் உயரதிகாரிகள் அல்லர். மலைநாட்டுத் தோட்டங்களில் கொழுந்து பறித்த மக்களின் வாக்குரிமை அங்கே கேள்வியாக நின்றது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தை எடுத்து வாசித்தால் இந்தியத் தமிழர் என்ற சொல் எங்கும் கிடையாது. முன்பே இலங்கையில் பிறந்திருந்த ஒருவர் பரம்பரைப் பிரசையாவதற்கு அவருடைய தகப்பனார் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். எல்லாருக்கும் ஒரே விதி. கண்டியில் இருக்கும் சிங்களக் குடும்பத்திடமோ யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்திடமோ யாரும் பூட்டனின் பிறப்பைக் கேட்டு வாசலில் நிற்கப்போவதில்லை. லயன் அறையில் இருப்பவரிடம் கேட்பார்கள். அவரிடம் காட்டுவதற்குக் கடதாசி இராது. அடுத்த வருடம் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் வந்து, பிரசை அல்லாதவர் வாக்காளர் இடாப்பில் இருக்க முடியாது என்றது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் உறுப்பினர்கள் பாராளுமன்றம் போயிருந்தார்கள். 1952இல் ஒருவர்கூடப் போகவில்லை.

ருவன்வெல்லைத் தொகுதியில் தன் பெயரை இடாப்பில் சேர்க்கும்படி கோடாக்கன் பிள்ளை என்பவர் விண்ணப்பித்தார். பதியும் அலுவலர் மறுத்தார். மேன்முறையீட்டை விசாரித்த அலுவலர், சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவுக்கு இந்தச் சட்டங்கள் முரணானவை என்று சொல்லிச் சேர்க்கச் சொன்னார். அந்தப் பிரிவுதான், ஏனைய சமூகத்தவர்க்கு இல்லாத இயலாமையை ஒரு சமூகத்தவர்மீது சுமத்தும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றக் கூடாது என்று கட்டளையிட்டது. லியனகே வழக்கில் தேடிப் படித்தெடுக்க வேண்டியிருந்ததைப் போல இங்கே தேடவேண்டிய தேவையே இல்லை. தடை பச்சையாக எழுதப்பட்டிருந்தது. உயர் நீதிமன்றம் அலுவலரின் முடிவை ரத்துச் செய்தது. சொற்கள் தெளிவாக இருக்கின்றன, சொற்களுக்கு வெளியே போய்ப் பார்க்கத் தேவையில்லை என்றது.

1953இல் கோமறைக் கழகம் கொஞ்சம் நெகிழ்வாகப் பேசியது. நேரே செய்ய முடியாததைச் சுற்றுவழியில் செய்யும் சட்டத்தையும் பிடிக்கலாம்; பாராளுமன்றத்தின் திட்டம் ஒன்று இருந்தால் அதை மொத்தமாகப் பார்க்க வேண்டும் என்று கொள்கையளவில் ஏற்றுக்கொண்டது. பிறகு, 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தைச் சுட்டிக்காட்டியது. நாட்டோடு போதிய தொடர்பு உள்ளவர்களுக்கு அந்தச் சட்டம் பிரசாவுரிமைக்கு வழி திறந்திருக்கிறது. ஆகவே இந்தியத் தமிழரை வெளியே தள்ளும் திட்டம் இருந்ததாகச் சொல்ல முடியாது என்று முடித்தது.

அந்த வழி எவ்வளவு அகலமாக இருந்தது என்பதைப் பின்னால் வந்த கணக்குச் சொல்கிறது. அந்தச் சட்டத்தின் கீழ் 8 இலட்சத்துக்கும் அதிகமானவர்களுக்காக விண்ணப்பங்கள் போயின. பிரசாவுரிமை கிடைத்தது சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. 1964 ஒக்டோபரில் ஸ்ரீமாவோவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தபோது நாடற்றவர்கள் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேர் என்று கணக்கிட்டார்கள். அதில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, மீதி ஒன்றரை இலட்சம் பேர் பிறகு பேசுவதற்கு. மக்களைப் பங்கிட்டுக்கொண்ட ஓர் ஒப்பந்தம் எழுதவேண்டிய நிலை வந்தது, 'திட்டம் இல்லை' என்று சொல்லப்பட்ட சட்டங்களால்தான்.

1953இலும் 1965இலும் கோமறைக் கழகம் கேட்ட கேள்வி ஒன்றே: இந்தச் சட்டங்களுக்குப் பின்னால் ஒரு திட்டம் இருக்கிறதா? 1965இல் அது கண்ணில் பட்டது, 1953இல் படவில்லை. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு என்று நீதிமன்றத்தின் சார்பில் வாதிடலாம், அந்த வாதத்தை ஒதுக்கவும் முடியாது. பிரசை யார் என்று வரையறுப்பது பாராளுமன்றத்தின் இயல்பான வேலை. ஒருவனைக் குற்றவாளி என்று தீர்ப்பது பாராளுமன்றத்தின் வேலையே இல்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டம் நீதிபதியின் கதிரையில் ஏறி உட்காரவில்லை. சரி. ஆனால் அமெரிக்கச் சட்டமெய்யியலாளர் ரொனால்ட் டுவோர்க்கின் நீதிமன்றங்களிடம் கேட்ட ஒன்றை இங்கே நாமும் கேட்கலாம். ஒரு வழக்கில் நீ நம்பிய கொள்கையை மறு வழக்கிலும் நம்புகிறாயா? சட்டத்தின் முகத்துக்குப் பின்னால் பார்க்கலாம் என்பது கொள்கையானால், 24 பேர்மீது விழும் நிழலைக் கண்ட கண் 9 இலட்சம் பேர்மீது விழுந்த நிழலையும் கண்டிருக்க வேண்டும். பொதுமை என்ற போர்வைக்குள் இருந்ததால் அது தப்பிப் போயிற்று. இங்கே ஃபுல்லரும் நமக்கு முழுதாக உதவவில்லை. பொதுவான சொற்களில், முன்கூட்டி அறிவித்து, தெளிவாக எழுதி ஒரு மக்கள் கூட்டத்தை நாடற்றவராக்க முடியும். அவருடைய எட்டு நிபந்தனைகளில் பெரும்பாலானவற்றை 1948ஆம் ஆண்டுச் சட்டம் நிறைவேற்றிவிடும்.

தமிழில் இதைப் பேசத் தொடங்கினால் எல்லாரும் பாண்டியன் அவைக்குப் போவார்கள். ஆனால் அங்கே களவுக்குத் தண்டனை என்ற சட்டத்தில் பிழையில்லை. விசாரிக்காமல் தீர்த்தது பிழை. உண்மை தெரிந்ததும் அரசனே அதை ஏற்றுக்கொண்டுவிடுகிறான். விதியே கோணலாக எழுதப்பட்டு, எல்லா ஒழுங்கோடும் அமுலாகும்போது என்ன செய்வது என்ற கேள்விக்கு அந்தக் கதையில் விடை தேட முடியாது.

பிறகு நடந்தவற்றை வேகமாகச் சொல்லலாம். 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் 29ஆம் பிரிவுக்கு முரணானது என்று கோடீஸ்வரன் என்ற அரசாங்க எழுதுவினைஞர் தொடுத்த வழக்கில், கொழும்பு மாவட்ட நீதிபதி ஓ.எல். டி கிரெட்சர் 1964இல் அவர் பக்கம் தீர்ப்பளித்தார். சிங்களத்தில் தேர்ச்சி இல்லை என்பதற்காக அவருடைய சம்பள உயர்வு நிறுத்தப்பட்டிருந்தது. உயர் நீதிமன்றம் 1967இல் மொழிச் சட்டத்தைத் தொடாமல், அரச ஊழியர் சம்பளத்துக்காக அரசின்மீது வழக்காட முடியாது என்று சொல்லித் தீர்ப்பைக் கவிழ்த்தது. கோமறைக் கழகம் 1969இல் அதைத் தவறு என்று கண்டு, மொழிச் சட்டம் செல்லுமா என்ற கேள்வியை உயர் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது. அந்தக் கேள்விக்கு இன்றுவரை விடை இல்லை. 1971இல் கோமறைக் கழகத்துக்கான மேன்முறையீடு நிறுத்தப்பட்டது. 1972 மே 22ஆம் திகதி புதிய குடியரசு யாப்பு வந்தபோது 29ஆம் பிரிவும் இல்லாமற் போயிற்று.

1972ஆம் ஆண்டு யாப்பு பழைய யாப்பின் வழியால் பிறந்ததல்ல. அதை வேண்டுமென்றே அறுத்துக்கொண்டு பிறந்தது. பாராளுமன்றத்துக்கு வெளியே, நவரங்கஹல மண்டபத்தில் அரசியல் நிர்ணய சபையாகக் கூடி இயற்றினார்கள். ஹான்ஸ் கெல்சன் என்ற ஒஸ்திரிய அறிஞர் சொல்லும் அடிப்படை நெறி மாறிப்போவதற்கு, இரத்தம் சிந்தாமல் நடந்த உதாரணம் இது. ஒவ்வொரு சட்டமும் தனக்கு மேலுள்ள ஒரு விதியால் செல்லுபடியாகிறது. உச்சியில் இருப்பதை ஏற்றுக்கொண்டுதான் ஆக வேண்டும், அதற்கு மேலே கேட்க எதுவும் இல்லை என்பார் கெல்சன். அந்தச் சபையிலிருந்து தமிழரசுக் கட்சி 1971இலேயே வெளியேறியிருந்தது. அப்படியானால் தமிழர்களுக்கு அந்த உச்சி விதி எங்கிருந்து வந்தது?

இது வகுப்பறைக் கேள்வியாக நிற்கவில்லை. 1976 மே மாதம், குடியரசு தினத்தைப் பகிஷ்கரிக்கக் கோரும் துண்டுப்பிரசுரங்களை விநியோகித்ததற்காக அ. அமிர்தலிங்கமும் பாராளுமன்ற உறுப்பினர்கள் சிலரும் கைதாகி, யூரிகள் இல்லாத விசேட நீதிமன்றம் ஒன்றின் முன் கொழும்பில் நிறுத்தப்பட்டார்கள். எஸ்.ஜே.வி. செல்வநாயகமும் ஜீ.ஜீ. பொன்னம்பலமும் மு. திருச்செல்வமும் அவர்களுக்காக ஒரே பக்கத்தில் நின்றார்கள். நெடுங்காலம் அரசியலில் எதிரெதிரே நின்ற செல்வநாயகமும் பொன்னம்பலமும் அங்கே ஒன்றுசேர்ந்தார்கள். அவர்களுடைய வாதம் வேரையே பிடித்தது. இந்த யாப்பே செல்லாது, ஆகவே இந்த யாப்பின் கீழ் வந்த விதிகளும் செல்லாது. நீதிபதிகளின் விடை சுருக்கமானது: இந்த யாப்பின்மேல் சத்தியம் செய்துதான் நாங்கள் இந்த ஆசனத்தில் இருக்கிறோம், இதன் செல்லுபடியை விசாரிக்க எங்களால் முடியாது. கோட்பாட்டளவில் இது பிழையற்ற விடை. கெல்சனும் ஹார்ட்டும் இதையே சொல்லியிருப்பார்கள். தான் இருக்கும் கிளையை ஒரு நீதிபதி வெட்ட முடியாது. ஆனால் அதே காரணத்தால், அந்தக் கேள்வியை இனிப் புதுக்கடையில் கேட்க முடியாது என்பது அன்று உறுதியாகிவிட்டது. நீதிமன்றத்தில் கேட்க முடியாத கேள்வி தெருவுக்குப் போகும், பிறகு காட்டுக்குப் போகும். போனது.

1978ஆம் ஆண்டு யாப்பு அடிப்படை உரிமைகளை எழுதியது. 12ஆம் உறுப்புரையில் சமத்துவம். 13ஆம் உறுப்புரையில், செய்த காலத்தில் குற்றமாக இல்லாததற்குத் தண்டனை இல்லை. லியனகே தீர்ப்பு கட்டமைப்பிலிருந்து தேடிப் படித்தது இப்போது எழுத்திலேயே வந்தது. ஆனால் அதே யாப்பில் 80(3)ஆம் உறுப்புரையும் உண்டு. சபாநாயகர் சான்றுரை எழுதிய பிறகு எந்தச் சட்டத்தின் செல்லுபடியையும் எந்த நீதிமன்றமும் எந்தக் காரணத்துக்காகவும் கேள்விக்குட்படுத்த முடியாது. 16(1)ஆம் உறுப்புரை, ஏற்கெனவே இருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும் செல்லும் என்றது. பிரசாவுரிமைச் சட்டத்துக்கும் மொழிச் சட்டத்துக்கும் முன்னால் நின்ற கேள்விக் கதவை அவ்விரண்டு உறுப்புரைகளும் சேர்ந்து மூடிவிட்டன.

அடுத்த வருடம் ஜூலையில் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. அதை மூன்றில் இரண்டு பெரும்பான்மையால் நிறைவேற்ற அமைச்சரவை தீர்மானித்திருந்ததால், பொதுசன வாக்கெடுப்பு தேவையா என்ற ஒன்றை மட்டுமே உயர் நீதிமன்றம் பார்த்தது. தேவையில்லை என்றது. உரிமைகளுக்கு முரணா இல்லையா என்ற விசாரணைக்கே இடம் வரவில்லை. 1962ஆம் ஆண்டுச் சட்டத்தையும் 1979ஆம் ஆண்டுச் சட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் திகைப்பாக இருக்கும். யூரிகள் இல்லை, இரண்டிலும். காவலில் பெற்ற வாக்குமூலம் சான்றாகும், இரண்டிலும். 1979இல் உதவிப் பொலிஸ் அத்தியட்சகரிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் போதும். பின்னோக்கிப் போவதும் இரண்டிலும் உண்டு. சட்டம் வருமுன் செய்த செயலும் 'சட்டவிரோதச் செயல்' என்ற வரைவிலக்கணத்துக்குள் அடங்கும் என்று 31ஆம் பிரிவு சொல்கிறது. குற்றம் சாட்டாமலே 18 மாதம் வரை தடுத்து வைக்கலாம் என்பது புதிது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அதை 12 மாதமாக்கியது. ஒப்புதல் வாக்குமூலப் பிரிவைத் தொடவில்லை.

ஒன்று விழுந்தது, மற்றொன்று நிற்கிறது. விழுந்தது சிலரோடு முடிந்துபோக எழுதப்பட்டது. நிற்பது எல்லாருக்கும் பொதுவாக எழுதப்பட்டது. மூன்று வருடத்துக்கென்று வந்ததை 1982இல் நிரந்தரமாக்கினார்கள். தமிழர் என்ற சொல் அதில் இல்லை. லியனகே தீர்ப்பின் பாடத்தை அரசு எப்படிப் படித்துக்கொண்டது என்று எண்ணினால் மனம் கனக்கிறது: ஆளைக் குறிக்காதே, பொதுவாக எழுது, நிரந்தரமாக்கு.

அந்தச் சட்டத்தின் கீழ் பிடிபட்டவர்கள் பலர் 1983 ஜூலையில் வெலிக்கடையில் இருந்தார்கள். 25ஆம் திகதி 35 பேரும் 27ஆம் திகதி 18 பேரும் சிறைக்குள்ளேயே கொல்லப்பட்டார்கள். மரண விசாரணை நடந்தது. கொலை என்று பதிவானது. ஒருவர்மேலும் வழக்குத் தாக்கல் செய்யப்படவில்லை. அந்த இரண்டு நாளிலும் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையில் கொலை குற்றமாகவே எழுதப்பட்டிருந்தது. விதியை அதிகாரிகள் தமக்குரிய கடப்பாடாக ஏற்பதுதான் சட்டத்தின் உயிர் என்று ஹார்ட் எழுதியதை நான் இந்த இடத்தில் வைத்தே விளங்கிக்கொள்கிறேன். எழுத்து அங்கே இருந்தது. அதை ஏற்றவர் இல்லை.

கொழும்புத் தமிழர் வீடுகளில் இன்னொரு பழைய சட்டமும் பழக்கமானது. 1865ஆம் ஆண்டின் பொலிஸ் கட்டளைச் சட்டம், வீட்டில் தங்கியிருப்பவர்களின் பட்டியலை வீட்டுக்காரரிடம் கேட்கப் பொலிஸாருக்கு இடம் கொடுக்கிறது. எந்த வீட்டுக்காரரிடமும் கேட்கலாம். யுத்த காலத்தில் யாரிடம் கேட்டார்கள் என்பது வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் தெமட்டகொடைக்கும் தெரியும். ஊரிலிருந்து மாமாவோ சித்தியோ வந்தால் முதல் வேலை பொலிஸ் பதிவு. பெயர், அடையாள அட்டை இலக்கம், நிரந்தர முகவரி, எதற்காக வந்தார், எப்போது போவார் என்று நிரப்பி, நிலையத்தில் முத்திரை குத்தி வாங்கி, பிரதியைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்க வேண்டும். இரவில் சுற்றிவளைப்பு வந்தால் கதவைத் திறந்ததும் கேட்பது அதைத்தான். சட்டத்தில் இனம் இல்லை. கதவு தட்டும் ஒழுங்கில் இருந்தது.

2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலை அதற்கும் ஒருபடி மேலே போனார்கள். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்களை எழுப்பி, கொழும்பில் தங்கச் சரியான காரணம் இல்லை என்று சொல்லி, 376 பேரை பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் மட்டக்களப்புக்கும் அனுப்பினார்கள். வைத்தியத்துக்கு வந்தவர்கள், வெளிநாடு போகக் கடவுச்சீட்டுக்குக் காத்திருந்தவர்கள், வேலை பார்ப்பவர்கள் என்று எல்லாரும் அதில் அடக்கம். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த அடிப்படை உரிமை மனுவில் மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. நாட்டில் விரும்பிய இடத்தில் வசிக்கும் உரிமையை 14ஆம் உறுப்புரை தருகிறது. பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார்.

நீதிமன்றம் அன்று ஒரு நாளில் செயற்பட்டது, நன்றியோடு நினைக்க வேண்டியது. ஆனால் அது ஏன் முடிந்தது என்றும் பார்க்க வேண்டும். அந்த வெளியேற்றத்துக்குப் பின்னால் பாராளுமன்றத்தின் சட்டம் ஒன்று இருக்கவில்லை; நிறைவேற்றுத்துறையின் செயல் மட்டுமே. அதே வெளியேற்றத்தைப் பொதுச் சொற்களில் ஒரு சட்டமாக எழுதி, சபாநாயகரின் சான்றுரையும் வாங்கியிருந்தால், 80(3)ஆம் உறுப்புரை குறுக்கே நின்றிருக்கும்.

பொதுச் சொல்லுக்கு இன்னொரு குணமும் உண்டு. அது ஓர் இனத்தோடு நின்றுவிடாது. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, தெமட்டகொடை மஹவில தோட்டத்து வீடொன்றில் வெடித்த குண்டில் மூன்று பொலிஸார் உயிரிழந்தார்கள். அன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் செய்யப்பட்ட கொலைகளை விசாரிப்பது அரசின் கடமை, அதில் இரண்டு பேச்சில்லை. ஆனால் அதற்குப் பிறகு இந்தப் பகுதி முஸ்லிம் வீடுகளில் விழுந்த கைதுகளும் தடுப்புகளும் நாற்பது வருடங்களுக்கு முன் வேறு மக்களை நினைத்து எழுதிய சட்டத்தின் கீழேயே நடந்தன. மன்னாரைச் சேர்ந்த இளம் கவிஞர் அஹ்னாப் ஜசீம் 2020இல் ஒரு கவிதைத் தொகுப்பின் பேரில் அதே சட்டத்தில் கைதானார். ஒன்றரை வருடத்துக்கு மேல் உள்ளே இருந்தார். 2023இல் நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. தமிழருக்கென்று எழுதாமல் எழுதிய சட்டத்தில் முஸ்லிமுக்கென்று புதிதாக ஒரு வரியும் சேர்க்க வேண்டியிருக்கவில்லை.

மக்கள் தெரிவுசெய்யாத நீதிபதிகள், மக்கள் தெரிவுசெய்த பாராளுமன்றத்தின் சட்டத்தைத் தள்ளலாமா என்று கேட்பார்கள். ஒஸ்டினின் நிழல் இன்னும் நீளமாகவே இருக்கிறது. இந்தியாவின் உயர் நீதிமன்றம் அதைச் செய்கிறது, அதனால் அங்கே பாராளுமன்றம் இல்லாமற் போகவில்லை. எங்களுக்கு அயலிலிருந்து கடன் வாங்கவும் தேவையில்லை. 1965ஆம் ஆண்டுத் தீர்ப்பும், அமைச்சரின் நியமனத்தை மறுத்துத் தங்களைக் கலைத்துக்கொண்ட மூன்று இலங்கை நீதியரசர்களும் நம்முடைய சொந்த முதல். ஒரு சட்டம் யாரைப் பெயர் குறிக்கிறது என்று தேடுவதை நிறுத்திவிட்டு, யார் மேல் போய் விழுகிறது, அது விழும் என்று இயற்றியவர்களுக்குத் தெரிந்திருந்ததா என்று நீதிமன்றம் கேட்க வேண்டும். அதைக் கேட்பதற்கு 80(3)உம் 16(1)உம் அகல வேண்டும்.

இன்றைக்கு இருக்கும் வழி ஒன்றே. சட்டமூலம் பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் ஏறிய சில நாட்களுக்குள் அதை எடுத்து வாசித்து, சட்டத்தரணியைப் பிடித்து, உயர் நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். தெமட்டகொடைத் தொடர்மாடியில் இருக்கும் ஒருவர் அந்தச் சில நாட்களைத் தவறவிட்டால் பிறகு வழியில்லை. அந்த நாட்கள் முடிந்தபின் பிறக்கும் பிள்ளைக்கு, தன்மீது வாழ்நாள் முழுவதும் விழப்போகும் சட்டம் யாப்புக்கு முரணானது என்று சொல்ல ஒரு நாளும் கிடைப்பதில்லை.